யாருக்கு வக்காலத்து

வக்கீலுக்குப் படிச்சவுக உங்க வீட்டுல யாரும் இருக்காகளா தங்கச்சி? இல்லையா? அப்பச் சரி. அப்பப் பேசலாம். இருந்தாலும் பேசியிருப்பேன், அது வேற விஷயம். மதுரை வர்ற வரைக்கும் இந்த வயித்தெரிச்சலை நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது.

நான் அருப்புக்கோட்டைதான். திருச்சுழி ரோட்டுல எண்ணெய் மில்லு, பச்சைக் கேட்டு, பாத்திருப்பீக. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் ஒத்தையில நின்னு நடத்துறேன். தனபாக்கியம்னு சொன்னா தெரியாத ஆள் கெடையாது. இப்ப இன்னும் நல்லாவே தெரியும். அதான் பேப்பர்ல போட்டுட்டானே.

எல்லாம் அந்தப் பொம்பள வக்கீலால வந்த வினை. இன்பவல்லின்னு பேரு. பேரைப் பாருங்க, பேரை.

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். போன மாசி மாசம் சாத்தூர்ல ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிட்டு, பொழுது சாயுற நேரத்துல வந்துக்கிட்டிருக்கோம். வண்டி ஓட்டினது என் மகன் கிஷோர். இனிமே மறைச்சு என்ன, ஊரே சிரிச்சாச்சு. நான் பின் சீட்டுல. எங்க டிரைவர் முத்திருளன் அன்னைக்கு லீவு. அவன் மச்சினன் வீட்டுல காதுகுத்துன்னு கமுதிக்குப் போயிருந்தான். விசேஷ வீட்டுல கூட்டாளி சேத்தாளிக கூடினா சின்னப் பயலுக கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருப்பாக. இவனும் கொஞ்சம் போல எடுத்திருந்தான். வண்டி ஓட்ட முடியாத அளவுக்கெல்லாம் இல்ல.

பந்தல்குடி தாண்டி ஒரு ஆளு சைக்கிள்ல வர்றான். பின்னாடி புல்லுக்கட்டு. சைக்கிள்ல லைட்டு கெடையாது. அதையும் சொல்லணும்ல? ஒரு சத்தம். அவ்வளவுதான். புல்லு எல்லாம் கண்ணாடி மேல வந்து விழுந்துச்சு. வண்டி நிக்கல.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கிஷோருக்கு விசா வந்திருக்கு தங்கச்சி. கனடாவுல மேல்படிப்பு. டிக்கெட்டு எடுத்தாச்சு, பெட்டி வாங்கியாச்சு. அந்த நேரத்துல இப்பிடி. முத்திருளனைக் கூப்பிடலாம்னு தோணுச்சு, போன் பண்ணினோம். காதுகுத்துல இருந்தவன் பஸ்ஸைப் பிடிச்சு வந்து நின்னான். பதினஞ்சு வயசுல எங்க வீட்டுக்கு வந்தவன். எங்க வீட்டுக்காரர்தான் அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்குடுத்தது. நான் அவனை வேலைக்காரனா நெனச்சதே இல்ல. மில்லுக்குப் பின்னாடி வீடு குடுத்திருந்தேன். தீவாளிக்கு கிஷோருக்கு எடுக்கிற கடையிலதான் அவனுக்கும் எடுப்பேன்.

நான் சொன்னேன், "முத்திருளா, தம்பி வாழ்க்கை உன் கையிலதான்டா இருக்கு. நீ ஓட்டினேன்னு சொல்லிரு. அபராதம் போடுவாக, நான் கட்டிருவேன். உனக்கு ஒரு தூசி தொடாது."

அப்புறம் ஒண்ணுதான் கேட்டான்.

"அந்த ஆளு உயிரோட இருக்காராம்மா?"

"இருக்காரு, ஆஸ்பத்திரியில நல்லாருக்காரு"ன்னேன். அப்ப எனக்கு எப்பிடித் தெரியும் தங்கச்சி? இருப்பாருன்னுதான் நெனச்சேன். நல்லதாவே நெனைக்கக் கூடாதா?

சரிம்மான்னான். ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போய், இவன்தான் ஓட்டினான், நான் பின்னாடி உக்காந்திருந்தேன்னு நானே எழுதிக் குடுத்தேன். மறுநாள் காலையில தெரிஞ்சுச்சு, அந்த ஆளு ரோட்டுலயே போயிட்டாருன்னு. அழகர்னு பேரு. கூலி வேலை.

முத்திருளன் ஜாமீன்ல வந்தான். கிஷோர் பிளைட்டு ஏறினான். எல்லாம் ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. கேஸு நடத்த ஒரு வக்கீல் வேணும்ல? என் தம்பி சொன்னான், "பெரிய வக்கீலுக்குப் போகாதக்கா, ஆயிரம் கேள்வி கேப்பாக. சின்ன வக்கீலாப் பாரு. பொம்பளையா இருந்தா இன்னும் நல்லது, சொன்னதைக் கேட்டுக்கிட்டுப் போவாக." அவன் வாய்ல சர்க்கரையத்தான் போடணும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஜெராக்ஸ் கடை மாடியில ஆபீஸு. நாங்க போனப்ப அந்தம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு புளிச்சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்கு. எங்களைப் பாத்ததும் மூடி வெச்சிருச்சு. நாப்பது வயசு இருக்கும். ஓயாம இருமுது. இதுதானா வக்கீலுன்னு நெனச்சேன். முத்திருளன்கிட்ட வக்காலத்துல கையெழுத்து வாங்குச்சு. அதான் தங்கச்சி, எனக்காக நீங்க கோர்ட்டுல பேசுங்கன்னு எழுதிக் குடுக்கிற தாளு. பீஸு நான் குடுத்தேன். அப்புறம் கேள்வி ஆரம்பிச்சுச்சு.

"சைக்கிள் எந்தப் பக்கமா வந்துச்சு?"

முத்திருளன் என் மூஞ்சியப் பாத்தான்.

"இடது பக்கம்"னு நான் சொன்னேன்.

"நான் அவரைக் கேட்டேம்மா. இடிச்சதும் பிரேக் போட்டீங்களா?"

அவன் மறுபடியும் என்னையப் பாத்தான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சிருச்சு.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

எனக்குப் புரியல. "எதுக்கு? நான்தான அம்மா கேஸு குடுத்தது? பீஸு என் கையிலருந்துதான வாங்குனீக?"

"வாங்கினேன். ஆனா வக்காலத்துல கையெழுத்துப் போட்டது இவரு. எனக்குக் கட்சிக்காரர் இவருதான். இவர்கிட்ட நான் தனியாப் பேசணும்."

பாருங்க! என் டிரைவரு, என் காசு, என் கேஸு. நான் போய் மாடிப்படியில உக்காரணும். கீழ ஜெராக்ஸ் மிஷின் ஓடுது, மேல கதவு சாத்தியிருக்கு. உள்ள என்ன பேசுறாகன்னு காதைத் தீட்டித் தீட்டிப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. அந்தம்மா இருமுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு ஆம்பளை அழுகிற மாதிரி இருந்துச்சு. அது மிஷின் சத்தமாக்கூட இருக்கும்.

வெளிய வந்தவன் என் கண்ணைப் பாக்கல. கார்ல வரும்போது கேட்டேன், "என்னடா கேட்டுச்சு?"

"கேஸ் விஷயம்தாம்மா."

"நீ என்ன சொன்ன?"

எங்க வீட்டு உப்பைத் தின்னு வளந்தவன், என் கேள்விக்குப் பதில் சொல்லாம வண்டிய ஓட்டுறான். அன்னைக்கே நான் உஷாராயிருக்கணும்.

ரெண்டு நாள்ல அந்தம்மாவை மறுபடி பாக்கப் போனேன். தனியா. இந்தத் தடவை நான் குடுத்த பீஸை மேசை மேல எடுத்து வெச்சிருச்சு. இனிமே என்கிட்ட வாங்காதாம். பீஸை முத்திருளனே பாத்துக்குவானாம். அவன் எங்க பாக்க?

"அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"ன்னு கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"யாரு ஓட்டினதுன்னு ஏதாவது..."

"அம்மா." கையைக் காட்டி நிறுத்திருச்சு. "அவர் என்கிட்ட சொன்னது எதுவா இருந்தாலும் என்னோடயே மண்ணுக்குப் போகும். போலீஸுக்குச் சொல்ல மாட்டேன், ஜட்ஜுக்குச் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பயமே உங்களுக்கு வேணாம். ஆனா பொய்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தைய நான் கோர்ட்டு முன்னால வைக்க மாட்டேன். அதுவும் தெரிஞ்சுக்கங்க."

"அப்ப கேஸை விட்டுருங்க. நான் வேற வக்கீலப் பாத்துக்கிறேன்."

"அவர் வந்து விடச் சொல்லட்டும். அந்த நிமிஷமே விட்டுர்றேன்."

எம்புட்டுத் திமிரு பாருங்க. சொல்லும்போது சத்தம்கூட ஒசத்தல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன்.

காரியாபட்டி வந்துருச்சா? இறங்குறவுக இறங்கட்டும். அந்தக் கண்ணாடிய கொஞ்சம் இழுத்து விடுங்க தங்கச்சி, புழுதி வருது.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். முத்திருளன் அந்தம்மாவை விடச் சொல்லல. நான் எம்புட்டோ எடுத்துச் சொன்னேன். தலைய ஆட்டுவான், ஆனா போய்ச் சொல்ல மாட்டான். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அந்தப் பொம்பள அவன் மனசை என்ன பாடு படுத்தியிருக்குன்னு. அபராதத்தோட போயிரும்னு நான் சொல்லி வெச்சிருந்தேன்ல? இல்ல, ஆளு செத்திருக்கு, குடிச்சிட்டு ஓட்டிட்டு நிக்காமப் போயிருக்காகன்னு போலீஸ் பிரிவை மாத்தினா வருசக்கணக்குல உள்ள இருக்கணும்னு சொல்லியிருக்கு. லைசென்ஸும் போயிரும், பெறகு எந்தக் காலத்துலயும் ஸ்டியரிங்கைத் தொட முடியாதுன்னு சொல்லியிருக்கு. இதையெல்லாம் அவன்கிட்ட சொல்லணுமா? தெரியாம இருந்தா நிம்மதியா இருந்திருப்பான்ல?

நான் அவனை மிரட்டல. சத்தியமா மிரட்டல. அவன் பொண்டாட்டி சோலையம்மாகிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசினேன். "நீங்க இருக்கிற வீடு மில்லு வீடு. உன் மக படிக்கிற பள்ளிக்கூடத்துல இடம் வாங்கிக் குடுத்தது நான். இதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்." அவ்வளவுதான். இதுல பொய் ஏதாவது இருக்கா? உள்ளதைத்தான சொன்னேன். அவ முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதா. ஏன் அழுகணும்?

கேஸு கூப்பிடுற நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே இல்ல. சரி, சாமிகிட்ட போறதை விட்டுட்டுப் பூசாரிகிட்ட எதுக்குத் தொங்கணும்னு, மாஜிஸ்ட்ரேட்டு வீட்டுக்கே போனேன். என்னமோ கட்டுக்கட்டாக் கொண்டு போனேன்னு நெனைக்காதீக. பழம்தான். நம்ம தோட்டத்து மாம்பழம், ஒரு தட்டுல. காலையில நேரம். சின்ன வயசுக்காரர், பனியனும் கைலியுமா செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தாரு.

"யாரும்மா?"ன்னு சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு.

"நான் எண்ணெய் மில்லு தனபாக்கியம் சார். எங்க டிரைவர் கேஸு ஒண்ணு உங்ககிட்ட..."

நான் முடிக்கல. மனுசன் முகம் அப்பிடியே மாறிருச்சு. கையிலிருந்த டியூப்பைக் கீழ போட்டுட்டு விறுவிறுன்னு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. தண்ணி பாட்டுக்கு வாசல்ல ஓடுது, என் செருப்பெல்லாம் நனையுது, தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். வீடு தேடி வந்த பொம்பளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கணும்னு படிச்ச படிப்புல சொல்லித் தரல போலருக்கு.

அதோட விட்டாரா? கேஸு அன்னைக்கு, கோர்ட்டு நெறஞ்சு கெடக்கு, உக்காந்த உடனே சொல்றாரு, "இந்த வழக்கு சம்பந்தமா ஒருத்தர் என் வீட்டுக்கு வந்தார். நான் எதுவும் கேக்கல, எதையும் வாங்கல. ரெண்டு தரப்புக்கும் இது தெரியணும். குறிப்புல எழுதிக்கங்க." பேரைச் சொல்லல. சொல்லாட்டி என்ன? கோர்ட்டுல இருக்கிற அம்புட்டுக் கண்ணும் என் மேலதான். சர்க்காரு வக்கீலு திரும்பிப் பாக்குறாரு. அந்த இன்பவல்லி மட்டும் திரும்பல. குனிஞ்சு தாளைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. அது வேற எனக்கு எரிச்சல்.

அப்புறம் முத்திருளனைக் கூண்டுல ஏத்தினாக. நான் கடைசி பெஞ்சுல. எனக்கு முன்னால தரையில அந்த அழகர் பொண்டாட்டி பேச்சி. ஒவ்வொரு தடவையும் வருவா. வாசப்படியில நின்னுக்கிட்டு முத்திருளன் வரும்போதெல்லாம் மண்ணை அள்ளித் தூத்துவா. "என் தாலிய அறுத்த பாவி, நீ வெளங்க மாட்ட, உன் வம்சம் வெளங்காது"ன்னு. அவன் தலையில விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுட்டு உள்ள போவான்.

மாஜிஸ்ட்ரேட்டு குற்றத்தை வாசிச்சாரு. "நீங்க வண்டிய வேகமாவும் கவனக்குறைவாவும் ஓட்டி அழகர்ங்கிறவருக்கு மரணம் ஏற்படுத்தியிருக்கீங்கன்னு சொல்றாங்க. ஒத்துக்கிறீங்களா, மறுக்கிறீங்களா?"

ஒத்துக்கிறேன்னு சொல்லுடா, சொல்லுடான்னு மனசுக்குள்ள கெடந்து கத்துறேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்பிடிச் சொல்லணும்னு யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? உங்க வக்கீல்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன்யா."

"அப்பச் சொல்லுங்க."

அவன் ஒரு தடவை திரும்பி என்னையப் பாத்தான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கெஞ்சுற மாதிரி. என்னையப் பாத்து அவன் எதுக்குக் கெஞ்சணும்? அப்புறம் கம்பியப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

"ஐயா, நான் ஓட்டலைங்க. நான் அன்னைக்குக் கமுதியில இருந்தேன்."

சர்க்காரு வக்கீலு எந்திரிச்சு, "அப்ப யாரு ஓட்டினது?"ன்னு கத்துறாரு. "அது மட்டும் என்கிட்ட கேக்காதீங்கய்யா"ன்னான் முத்திருளன். உடனே அந்தம்மா எந்திரிச்சு, "அதைச் சொல்லணும்னு என் கட்சிக்காரரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது"ன்னுச்சு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் என் மகன் பேரைச் சொல்லல. அது உண்மைதான். சொல்லல.

ஆனா இந்தப் பேச்சி இருக்காளே, அவ எந்திரிச்சிட்டா. கூண்டுகிட்டப் போயி நின்னா. போலீஸ்காரன் தடுக்கிறான், கேக்கல.

"அப்ப இம்புட்டு நாளா உன் மேலயாய்யா மண்ணைத் தூத்துனேன்?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவ அவனையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவாத் திரும்பி கோர்ட்டு முழுக்க ஒரு பார்வை பாத்தா. நான் கைப்பைக்குள்ள எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் என்ன, சீட்டுக்கட்டு மாதிரி ஒண்ணொண்ணாச் சரிஞ்சுச்சு. பேச்சி மறுபடி விசாரிக்கணும்னு மனுப் போட்டா. டோல்கேட் கேமராவுல கிஷோர் ஓட்டிட்டு வர்றது பளிச்சுனு இருக்கு. காதுகுத்துப் போட்டோவுல முத்திருளன் பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் ஒதுங்கி நின்னா என்னவாம்? அவனை விடுவிச்சிட்டாக. என்னையப் பிடிச்சிட்டாக. பொய் வாக்குமூலம் குடுத்தேன், குற்றவாளியத் தப்பிக்க வெச்சேன்னு. எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேசன் வாசப்படி மிதிச்ச பொம்பளை கெடையாது தங்கச்சி.

ஸ்டேசன்ல என்னைய உக்கார வெச்சிருந்தப்ப, முத்திருளன் வந்தான். மில்லு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நான் அவனை அனுப்பி அப்ப ரெண்டு வாரம். கையில என் பிரஷர் மாத்திரை. "அம்மா இதை மறந்திருப்பீங்க"ன்னு ஏட்டய்யாகிட்ட குடுத்துட்டு, அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில போய் நின்னுக்கிட்டான். ஜாமீன் கெடைக்கிற வரைக்கும் அங்கயே நின்னான். எதுக்கு வந்திருப்பான்? நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கிறதைக் கண்ணாரப் பாக்கத்தான். வேற எதுக்கு? இப்பப் பால் வேன் ஓட்டுறானாம், பாலையம்பட்டியில.

நான் விடல. அந்தப் பொம்பள மேல பார் கவுன்சிலுக்கு மனுப் போட்டேன். என் பீஸை வாங்கிக்கிட்டு என்னையே கவுத்திருச்சுன்னு. நீங்க அவுகளுக்குக் கட்சிக்காரரா, வக்காலத்து குடுத்தீங்களான்னு கேட்டு எழுதினாக. இல்லைன்னேன். முத்திருளனைக் கேட்டிருக்காக. எனக்கு ஒரு குறையும் இல்லைன்னுட்டான். முடிஞ்சு போச்சு. வேலிக்கு ஓணான் சாட்சி.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் உச்சம். என் கேஸுக்கு வாய்தா வந்தப்ப கோர்ட்டு வராண்டாவுல அந்தம்மாவைப் பாத்தேன். ரோஷத்தையெல்லாம் விட்டுட்டுப் போய்க் கேட்டேன், "எனக்கும் நீயே ஆஜராகும்மா. நீ நிக்கிற கேஸு ஜெயிக்குதுல்ல." சொல்றதுக்கு என்ன, கெட்டிக்காரிதான்.

"முடியாதும்மா. முத்திருளன் உங்க கேஸ்ல சாட்சியா வரலாம். அவருக்காக நின்ன நான் உங்களுக்கும் நிக்கக் கூடாது."

"ஒரு யோசனையாவது சொல்லு."

"உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலை வெச்சுக்கங்க. உங்களுக்கு மட்டும். உங்க மகனுக்கு யாரு நிக்கிறாரோ, அவர் வேணாம்." சொல்லிட்டு இருமிக்கிட்டே போயிருச்சு. தாயையும் பிள்ளையையும் பிரிக்கப் பாக்குது, புரியுதா? அன்னைக்கு என்னையும் முத்திருளனையும் பிரிச்சுச்சு. அதே புத்தி.

நான் கேக்கல. இப்ப மதுரைக்கு அதுக்குத்தான் போறேன். கிஷோருக்கு ஹைகோர்ட்டுல முன்ஜாமீன் போடுறாரு ஒரு பெரிய வக்கீல். தயாபரன் சார். தங்கமான மனுசன். கிஷோர் என்கிட்ட பேசுறதில்ல, அவனுக்கும் அங்க மனசு சரியில்லாம இருக்கும்ல? எதுவா இருந்தாலும் சார்கிட்டதான் பேசுறான். சார் எனக்குச் சொல்லுவாரு. பீஸு நான்தான் குடுக்கிறேன், பெத்தவ வேற யாரு குடுக்கிறது?

நான் ஒரு அபிடவிட்டு, அதான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற தாளு, குடுத்தா கிஷோருக்கு முன்ஜாமீன் கெடைச்சிரும்னு சொல்றாரு. போன்ல கொஞ்சம் வாசிச்சுக் காமிச்சாரு. வண்டி இடிச்ச உடனே கிஷோர் நிறுத்தப் பாத்தானாம், அடிபட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம்னானாம், நான்தான் வேணாம் போன்னு மிரட்டினேனாம். முத்திருளனை மாத்திவிட்டதும் என் யோசனையாம், கிஷோருக்கு அது தெரியவே தெரியாதாம். அப்பிடி எழுதியிருக்காரு.

நடந்தது அப்பிடி இல்ல. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அந்தப் புல்லு வந்து கண்ணாடியில விழுந்த உடனே, "டேய் நிறுத்துடா, ஆளு கெடக்கான்டா"ன்னு நான் கத்தினேன். பின்னாலருந்து அவன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன். கையத் தட்டிவிட்டுட்டு மிதிச்சான். ஊர் எல்லை வர்ற வரைக்கும் நான் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும், "முத்திருளனைக் கூப்பிடும்மா, அவன் நீ சொன்னாக் கேப்பான்"னு சொன்னது அவன்தான். சின்னப் பிள்ளை, பயந்துட்டான். இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. சொல்லி என்ன ஆகப்போகுது? கிழவி நான் உள்ள போனா என்ன, வெளிய இருந்தா என்ன?

ஒரு தடவை தயாபரன் சார்கிட்ட கேட்டேன், "சார், இதுல கையெழுத்துப் போட்டா என் கேஸுக்கு ஏதாவது வருமா?" "அதைப் பெறகு பாப்போம்மா, மொதல்ல தம்பியக் காப்பாத்துவோம்"னாரு. சரியாத்தான சொன்னாரு?

ஏன் தங்கச்சி அப்பிடிப் பாக்குறீக? நீங்களும் பிள்ளை பெத்தவுகதான.

மாட்டுத்தாவணி வந்துருச்சு. இருங்க, கூட்டம் இறங்கட்டும். அவர் ஆபீஸு ஹைகோர்ட்டு பக்கம்தான், ஆட்டோ பிடிச்சுப் போயிருவேன். முழுசையும் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டுப் போடட்டுமா சார்னு நேத்துப் போன்ல கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம், இங்கிலீஷ்ல இருக்கு, கையெழுத்துப் போடுற இடத்துல எல்லாம் பென்சில்ல குறி போட்டு வெச்சிருக்கேன், வந்த உடனே போட்டுட்டு வெயிலுக்கு முன்னால ஊர் போயிச் சேருங்க"ன்னாரு. எம்புட்டு அனுசரணை பாருங்க. வெளிய உக்காருன்னு சொல்லல, குறுக்க ஒரு வார்த்தை பேசல. உள்ளதா இல்லாததான்னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேக்கல தங்கச்சி அந்த மனுசன்.